சிப்பிக் கூடையை மூடிவிட்டீர்கள், கழிவு லாரியின் குழாயை எப்போது மூடுவீர்கள்?

எங்கள் ஊர் உள்ளாட்சி மன்றத்தின் தலைவர், உறுப்பினர்கள், செயல் அலுவலர் ஆகியோருக்கும், மஞ்சள் காமாலை குறித்து விசாரிக்க வந்த ஆய்வுக் குழுவின் அதிகாரிகளுக்கும்,

சென்ற மாதம் மீன் சந்தைச் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. குழாய்த் தண்ணீரும் சிப்பியும் ஆய்வு செய்யப்பட்டதில் கிருமிகளின் அளவு ஏற்கத்தக்க வரம்புக்குள் இருந்தது என்பது முதல் செய்தி. மறு உத்தரவு வரும்வரை எங்கள் கரையில் சிப்பி எடுக்கவும் விற்கவும் தடை என்பது இரண்டாவது. சிப்பி நன்றாக இருந்தது என்றால் தடை எதற்கு? நன்றாக இல்லை என்றால், அதைக் கெடுத்தது எது என்று அறிவிப்பில் ஒரு வரிகூட ஏன் இல்லை? இந்தக் கேள்வியோடு இரண்டு முறை மனு கொடுத்தேன். பதில் வராததால் ஊரார் அனைவரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் சிப்பி விற்றவரின் மகள். அப்பா இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, கையில் உளியுடன் பாறையடியில் மூழ்கிச் சிப்பி பெயர்த்தவர். அம்மா முப்பது ஆண்டுகளாக, நனைத்த சாக்கால் மூடிய கூடையுடன் சந்தையில் உட்கார்ந்தவர். அந்தக் கூடையில் படித்துத்தான் நான் ஆய்வக நுட்பநராக ஆனேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தமும் மலமும் பரிசோதிக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

என் அண்ணன் மகளின் முதல் நற்கருணை விருந்தில் இருபத்தாறு பேர் சாப்பிட்டோம். அதற்கு முந்தைய வாரம் நல்ல மழை. ஆற்றுமுகம் உடைந்து, கலங்கிய தண்ணீர் பாறைக்கூட்டம் வரை செம்மண் நிறத்தில் பரவிக் கிடந்தது. மழை விட்டதும் எடுத்த சிப்பியைத்தான் அண்ணன் வாங்கி வந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி மண் கக்குவதற்காக இரவு முழுவதும் கடல்நீரில் போட்டு வைத்து, காலையில் கழுவி, மூடிபோட்டு ஆவியில் வைத்து, வாய் திறந்ததும் இறக்கி, தேங்காயும் மிளகும் அரைத்துப் புரட்டினோம். அன்று இரவோ மறுநாளோ ஒருவருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. நான்காவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது; சோறு பார்த்தாலே குமட்டல் என்றார்; சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது. ரத்தத்தை நானே எடுத்தேன். கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிரூபின் பதினொன்றைத் தாண்டியிருந்தது; கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அண்மையில் தொற்றியதைக் காட்டும் ஐஜிஎம் பரிசோதனை பாசிட்டிவ். அடுத்த பத்து நாளில் அந்த விருந்தில் உட்கார்ந்த மேலும் ஆறு பேர் அதே நிறக் கண்களோடு என் மேசைக்கு வந்தார்கள். அண்ணன் ஏழு வாரம் கடலுக்குப் போகவில்லை.

விருந்து முடிந்த நாற்பதாவது நாளில் உங்கள் குழு எங்கள் தெருவுக்கு வந்தது. மதினியிடம் கேட்ட முதல் கேள்வி, “நேற்றும் முந்தாநாளும் என்ன சாப்பிட்டீர்கள்?” என்பது. அந்த இடத்திலேயே விசாரணை வழி தவறிவிட்டது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும். சராசரியாக நான்கு வாரம். முந்தாநாள் சாப்பிட்டதைப் பற்றிக் கேட்டு இந்த நோயின் மூலத்தை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. நோயாளி மருத்துவமனைப் படியேறும் நாளில், அவரை நோயாளியாக்கிய சிப்பி அனேகமாகக் குப்பையில் ஓடாகக்கூட இருக்காது. அதனால்தான் உடனே பேதியாகும் உணவு நஞ்சை விசாரிப்பதுபோல இதை விசாரிக்கக் கூடாது. ஒன்றரை மாதத்துக்குப் பின்னோக்கிப் போய், யார் எந்த விருந்தில் இருந்தார், எதைத் தொட்டார், எதை ஒதுக்கினார் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்காததை நான் கேட்டேன். இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் சிப்பி சாப்பிட்டிருந்தார்கள், ஏழு பேர் சாப்பிடவில்லை. எல்லாரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள், ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். நோய் கண்ட ஏழு பேரும் சிப்பி சாப்பிட்டவர்கள். சாப்பிடாதவர்களில் ஒருவருக்கும் நோயில்லை. பெயர், வயது, தேதியுடன் அந்தப் பட்டியலை மனுவோடு இணைத்திருந்தேன். ஒரு விருந்தை வைத்து இதை முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்ல இது போதும்.

என் பாட்டியும் அம்மாவும் அண்ணனைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள்; அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் காட்டி, “சிப்பிதான் காரணம் என்றால் கிழவிக்கு ஏன் வரவில்லை?” என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அவர்கள் தலைமுறையில் இந்த வைரஸ் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே வந்து போனது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம்கூட வராது. இரண்டு நாள் சோர்வோடு போய்விடும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் இருக்கும். எங்கள் தலைமுறைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் கழிப்பறை வந்தது, கேன் தண்ணீர் வந்தது, சிறு வயதில் அந்த வைரஸைச் சந்திக்காமலேயே வளர்ந்தோம். முப்பது வயதுக்கு மேல் முதன்முதலாகச் சந்திக்கும்போது அது படுக்கையில் தள்ளுகிறது. சிலருக்குக் கல்லீரலையே செயலிழக்கச் செய்கிறது. வீட்டுக்குள் சுத்தம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வெளியேறும் கழிவு மட்டும் பழைய இடத்துக்கே போகிறது. நோய் இப்போது பெரியவர்களைத் தாக்குவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

இனி உங்கள் ஆய்வறிக்கைக்கு வருகிறேன். நீங்கள் தேடியது ஈ.கோலை என்ற பாக்டீரியாவை. மலம் கலந்திருக்கிறதா என்று அறிய உலகெங்கும் அதைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் சிப்பியில் ஈ.கோலை குறைவாக இருக்கிறது என்பதை வைத்து வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது. சிப்பி நின்ற இடத்திலேயே நீரை உறிஞ்சி, வடித்து, அதிலுள்ள நுண்பொருளைத் தின்று வாழும் உயிர். சுற்றியுள்ள நீரில் எது இருந்தாலும் அது சிப்பியின் வயிற்றில் பல மடங்காகச் சேரும். நல்ல நீர் வந்ததும் பாக்டீரியாக்களை இரண்டு நாளில் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். வைரஸ் அப்படிப் போகாது. குடல் திசுவோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ், மனிதக் குடல் செல்களில் உள்ளதைப் போன்ற சர்க்கரை மூலக்கூறுகளை ஆளிச் சிப்பியின் (ஆய்ஸ்டர்) குடலிலும் கண்டு அவற்றைப் பற்றிக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மழை முடிந்து நாற்பது நாள் கழித்து நீங்கள் சந்தையில் வாங்கிய அரைக் கிலோ சிப்பியில் ஈ.கோலை இல்லாததில் வியப்பு இல்லை. விருந்தன்று அதில் என்ன இருந்தது என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது. இன்று அதில் வைரஸ் இருக்கிறதா என்பதைக்கூடச் சொல்லாது.

வைரஸைத் தேட வேறு முறை இருக்கிறது. சிப்பியின் செரிமானச் சுரப்பியை மட்டும் வெட்டியெடுத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும். இதற்கு ஐஎஸ்ஓ 15216 என்ற சர்வதேச நெறிமுறை உண்டு. கொரோனா காலத்தில் மூக்குச் சளியை எடுத்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஆர்டி-பிசிஆர் செய்த மாநிலம் இது. அந்தக் கருவிகள் இருக்கின்றன, இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். சிப்பியிலிருந்து வைரஸைப் பிரிக்கும் வேலைக்குப் பயிற்சியும் வேதிப்பொருளும் கூடுதலாக வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நீங்கள்.

இவையெல்லாம் புதிதாக நடப்பவை அல்ல. 1988 ஜனவரியில் சீனத்தின் ஷாங்காய் நகரில் தொடங்கிய ஹெபடைடிஸ் ஏ, இரண்டு மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரைப் பீடித்தது. கழிவு கலந்த கரையில் எடுத்த மட்டியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, பாதி பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் அங்கு இருந்தது. 1997இல் ஆஸ்திரேலியாவின் வாலிஸ் ஏரியில் விளைந்த ஆளியைச் சாப்பிட்ட 400க்கும் மேற்பட்டோருக்கு அதே நோய் வந்தது, ஒருவர் இறந்தார். அறுவடைக்கு முன் அங்கும் கனமழை பெய்திருந்தது. அந்த ஆளிகளைச் சுத்திகரிக்கப்பட்ட நீரில் 36 மணி நேரம் வைத்திருந்துதான் விற்றார்கள். எங்கள் வீட்டில் ஓர் இரவு கடல்நீரில் போட்டு வைத்ததை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆளி வளர்ப்பு இடங்களில் எடுத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோரோ வைரஸ் இருந்தது. நம் பக்கத்திலும், மங்களூர் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், தென்மேற்குக் கடற்கரையின் மட்டி, சிப்பிகளில் மனிதக் குடல் வைரஸ்கள் கண்டறியப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். “நம் கடலில் அதெல்லாம் கிடையாது” என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதை இனியும் யாரும் சொல்லக் கூடாது.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. இந்த வைரஸை நிச்சயமாக அழிக்க, சிப்பியின் சதைக்குள் வெப்பம் 90 டிகிரியைத் தொட்டு 90 விநாடி நிலைக்க வேண்டும். வாய் திறந்ததும் இறக்குவது எங்கள் வழக்கம். அதற்கு மேல் வைத்தால் சதை ரப்பராகிவிடும் என்று பாட்டி சொல்வார். நோய்க்குப் பிறகு ஒரு நாள், ஆய்வக வெப்பமானியைக் கொண்டுவந்து வேறு ஊர்ச் சிப்பியை வேகவைத்துப் பார்த்தேன். முதல் சிப்பி வாய் திறந்த நேரத்தில் அதன் சதைக்குள் 70 டிகிரிகூட இல்லை. ஓடு திறப்பது சிப்பி இறந்ததற்கு அடையாளம்; வைரஸ் இறந்ததற்கு அல்ல. இதை எங்கள் தெருவில் நான் வீடு வீடாகச் சொல்லிவருகிறேன். வாய் திறந்த பிறகு இன்னும் சில நிமிடம் கொதியில் கிடக்கட்டும், கொஞ்சம் ரப்பராக இருந்தாலும் பரவாயில்லை என்று அம்மாவே இப்போது பிறருக்குச் சொல்கிறார். ஆனால் கடல் நீரில் மலத்தைக் கலக்க விட்டுவிட்டு, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கையில் மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போவதை ஏற்க முடியாது.

மலம் எப்படிக் கலக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மணல்வெளியில் நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் செப்டிக் டேங்க்குகள் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி நிரம்பிவிடுகின்றன. லாரிக்குத் தொலைபேசி செய்கிறோம். வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே போகிறது என்று நாங்களும் கேட்பதில்லை, அது எங்கள் தவறு. ஆனால் நோய்க்குப் பிறகு நான்கு இரவுகள் நானும் அண்ணனும் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தோம். இரண்டாவது இரவு, பதினொன்றரை மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு ஒரு லாரி பின்பக்கமாக இறங்கி வந்தது. பருத்த நெளிகுழாயை ஆற்றுக்குள் இறக்கி வால்வைத் திறந்தார்கள். ஏழெட்டு நிமிடம் ஓடியது. நாற்றத்தில் அண்ணன் அங்கேயே குந்திவிட்டார். அங்கிருந்து பாறைக்கூட்டம் கூப்பிடு தூரம். ஏற்றவற்றத்தில் தண்ணீர் போகும் வழியும் அதுதான். ஹெபடைடிஸ் ஏ வைரஸ், கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, நோயாளி தனக்கு நோய் என்று அறியாத காலத்தில்தான் மலத்தில் மிக அதிகமாக வெளியேறுகிறது. ஊரில் ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தாலே போதும், அந்த லாரி அதைச் சிப்பிப் பாறைக்குக் கொண்டுசேர்த்துவிடும்.

இந்த லாரிகளை ஓட்டுபவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. கையுறைகூட இல்லாமல் அந்தக் குழாயைப் பிடித்து நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நோய் வந்தால் முதலில் வருவது அவனுக்குத்தான். சுத்திகரிப்பு நிலையம் வெகு தூரம், டீசலும் கட்டணமும் தனி, இறக்கியதற்கு ரசீது கேட்பார் யாருமில்லை. உள்ளாட்சி அமைப்புகள் மலக்கசடு லாரிகளுக்கு உரிமம் வழங்கி, எங்கே உறிஞ்சி எங்கே இறக்கினார்கள் என்று கண்காணிக்க வேண்டும் என்று தமிழக அரசின் வழிகாட்டு நெறிமுறை 2014லேயே வந்துவிட்டது. நீர்நிலையில் மாசுப்பொருளை விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் தடை செய்கிறது. புதிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை.

தடை போட்டதால் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். சந்தையில் உட்காரும் பதினோரு சிப்பிக்காரப் பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் நான்கு பேர் கணவனை இழந்தவர்கள். எங்கள் ஊர்ச் சிப்பி என்றால் மஞ்சள் காமாலை என்று பெயராகிவிட்டதால், அம்மா மீன் கூடையோடு போனாலும் வாடிக்கை வீட்டார் கதவைத் திறப்பதில்லை. சிப்பி எடுப்பதும் நிற்கவில்லை. விடியலுக்கு முன் எடுத்து, எந்த ஊர் என்று சொல்லாமல் வெளியூர் வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சிப்பி எந்த ஊர் விருந்தில் வேகிறதோ தெரியாது. நேர்மையாகச் சொன்னால், மழைக்குப் பின் சில வாரங்கள் எங்கள் பாறையில் சிப்பி எடுக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் அந்த மூடலுக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும், காரணம் வேண்டும், திறப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும், மூடிய நாளுக்குச் சோறு வேண்டும். ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தரும் அரசு, சிப்பிக்காரர்களின் தடை நாட்களையும் அப்படியே கருதலாம். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி விளையும் நீர்ப்பரப்புகளைத் தொடர்ந்து பரிசோதித்து ஏ, பி, சி என வகைப்படுத்தி, எந்த நீரின் சிப்பியை நேராக விற்கலாம், எதைச் சுத்திகரித்த பிறகே விற்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. நம் பாறைகளுக்கும் அப்படி ஓர் ஏடு இருந்தால் அம்மா தன் கூடையின்மேல் அதை எழுதி வைத்து விற்பார்.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஆற்றில் கழிவு இறக்குவதை இந்த வாரமே நிறுத்துங்கள். பாலத்துக்குக் கீழே இறங்கும் பாதையில் இரவுக் காவல் போடுங்கள். ஊருக்குள் உறிஞ்சும் ஒவ்வொரு லாரிக்கும் உரிமமும், சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீதும் கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். அந்த ரசீதைக் காட்டினால்தான் வீட்டுக்காரர் முழுப் பணம் தருவார் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்ல நாங்கள் தயார். கூடுதல் தூரத்துக்கான செலவில் ஒரு பங்கை மன்றம் ஏற்க வேண்டும். குழாய் பிடிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, காலணி, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி மூன்றையும் மன்றச் செலவில் கொடுங்கள்.

பாறைக்கூட்டத்திலிருந்து இப்போதே சிப்பி மாதிரி எடுத்து, வைரஸுக்கான ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சிப்பிப் பருவத்தில் மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதைத் திரும்பச் செய்யுங்கள். முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும் தேதியுடன் சந்தைச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். மாதிரி எடுக்கும் இடம், ஆழம், நீரோட்டம் எல்லாம் அப்பாவுக்கும் அவரோடு மூழ்கியவர்களுக்கும் தெரியும். அவர்கள் கூட வருவார்கள், கூலி கேட்க மாட்டார்கள்.

சுவரில் உள்ள அறிவிப்பை எடுத்துவிட்டு, எத்தனை நாள் தடை, எந்தப் பரிசோதனை முடிவு வந்தால் தடை நீங்கும் என்று எழுதிய புதிய அறிவிப்பை ஒட்டுங்கள். தடை தொடங்கிய நாளிலிருந்து பதினோரு பெண்களுக்கும், மூழ்கிச் சிப்பி எடுக்கும் குடும்பங்களுக்கும் நிவாரணம் வழங்க அரசுக்குப் பரிந்துரை அனுப்பி, அதன் நகலை எங்களுக்குக் கொடுங்கள்.

மஞ்சள் காமாலையோடு வருபவரிடம் முந்தைய 50 நாளின் உணவையும் விருந்துகளையும் கேட்டுப் பதிவு செய்யும் ஒரு பக்கப் படிவத்தை, ஊரிலுள்ள எல்லா மருத்துவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும் கொடுங்கள். உணவால் வந்த நோயை மருத்துவர்கள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை செய்ய 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுத வேண்டும். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. அந்தத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையிருப்பில் இருக்கும்படி கேட்டுப் பெறுங்கள். அண்ணன் படுத்திருந்தபோது மதினிக்கும் பிள்ளைக்கும் அதைத் தேடி நான் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன்.

இந்த மடலுடன் விருந்தினர் பட்டியல், ஏழு பேரின் பரிசோதனை முடிவுகள் (அவர்கள் ஒப்புதலுடன்), லாரி வந்த இரவின் நேரக்குறிப்பு, இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை மன்ற அலுவலகத்தில் மூன்றாவது முறையாகக் கொடுத்திருக்கிறேன். இம்முறை பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும், அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துப் பேச ஒரு தேதியும் எழுத்தில் வேண்டும். அந்தக் கூட்டத்தில் சிப்பிக்காரப் பெண்கள் பதினோரு பேரும் உட்கார இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சிப்பிக்காரியின் மகள், ஆய்வக நுட்பநர்